ஒதுங்கியவர் தோற்கவில்லை

முன்னால் ஓடிக்கொண்டிருந்த மனிதர் சட்டென்று ஒதுங்கி நின்றார்.

கொழும்பில் ஒரு பெரிய மைதானம். மண்டையைப் பிளக்கிற வெயில். ஒலிம்பிக்குக்கு ஆள் தெரிவு செய்கிற நீண்ட ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். முதலாவதாக வருகிறவரைத்தான் அனுப்புவார்கள் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். முன்னால் ஓடியவர் என் வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சின்னத்துரை. தோட்டத்தை ஆளுகிற பெரியதுரைக்கு அடுத்த இளம் அதிகாரி.

வளைவில் திரும்பும்போது சின்னத்துரையின் மூச்சுச் சத்தம் இவருக்குக் கேட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் புல்லில் இறங்கினார். முதுகு வளைந்தது. கை தலைக்குப் போனது, தலைப்பாகையை எடுக்க. அன்றைக்குத் தலையில் தலைப்பாகை இல்லை. கை வெறும் தலைமயிரைத் தடவிவிட்டுக் கீழே வந்தது.

சின்னத்துரை அவரைத் தாண்டி ஓடினார். அடுத்தவர் தாண்டினார். அதற்கடுத்தவரும் தாண்டினார்.

நான் கம்பிவேலிக்கு வெளியே நின்றேன். இடுப்பில் மூத்தமகள். அவள் சப்பிப் போட்ட பிஸ்கட் கூழாகி என் சேலையில் ஒட்டியிருந்தது.

இந்த இடத்தில் நிறுத்தினால் உங்களுக்கும் சிரிப்பு வரும். மலைநாடு முழுக்க இத்தனை வருடமாக இந்த இடத்தில் நிறுத்தித்தான் சிரித்துக்கொண்டிருக்கிறது.

மேடையில் கேட்ட சிரிப்பு

போன மாதம் ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டிப் பரிசளிப்பு. நான் தொழிற்சங்க மாதர் பிரிவில் தொண்டை கிழியக் கத்தித் திரிந்த காலத்தை மறக்காத யாரோ ஒரு புண்ணியவான் எனக்கும் அழைப்பு அனுப்பியிருந்தார். போய் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன்.

பிரதம விருந்தினர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. ஓடிப் பேரெடுத்து, இப்போது கோட்டும் டையுமாக ஏதோ பெரிய உத்தியோகம். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் வாயைத் திறக்கும்வரை.

"நம்ம ஆளு ஒருத்தர், பேரு வேணாம், ஒலிம்பிக் போக வேண்டியவரு. நல்லாத்தான் ஓடியிருக்காரு. பின்னால தொரை வர்றாருன்னு தெரிஞ்சதும் பாதைய விட்டு எறங்கி, கும்புட்டுக்கிட்டு நின்னுட்டாராம்!" என்றார். மண்டபம் குலுங்கியது. "இந்தக் கதைய எங்கப்பா சொல்லக் கேட்டு வளந்தவன் நானு. அப்பவே முடிவு பண்ணிட்டேன், எவன் வந்தாலும் நான் ஒதுங்க மாட்டேன்னு. நமக்கு அந்த அடிமைப் புத்தி போகணும்."

கைதட்டல். குடிக்கத் தந்த சோடாவை நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பார்த்தேன், கோபத்தில் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த அம்மா இதை வாசித்தால் மன்னிக்க வேண்டும். செருப்பு பத்திரமாக இருக்கிறது.

இந்தக் கதைக்கு ஊருக்கு ஒரு வடிவம் உண்டு. பூண்டுலோயாப் பக்கம் சொல்கிற கதையில் அவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தே விட்டாராம். கந்தப்பளையில் துரையின் சப்பாத்தைத் துண்டால் துடைத்துவிட்டாராம். ஹட்டன் தேநீர்க் கடைகளில் கேரம் விளையாடுகிற பையன்கள், வழி விடாமல் மறைத்து நிற்கிறவனைப் பார்த்து, "டேய், தொரை வர்றாரு, ஒலிம்பிக்கு மாதிரி ஒதுங்குடா" என்பார்கள். என் காதுபடவே சொல்வார்கள். நான் அவருடைய பெண்சாதி என்று அவர்களுக்குத் தெரியாது.

இந்தத் தொடரில் இதுவரை நான் பிள்ளை மடுவத்தில் ஆயாவாக இருந்த கதையையும், கைப்பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மாரைச் சங்கத்தில் சேர்த்த கதையையும் எழுதினேன். இந்தக் கதையைத் தொடுவதில்லை என்றிருந்தேன். அந்தக் கோட்டுக்காரர் என்னை எழுத வைத்துவிட்டார்.

தப்பால் பை

என் வீட்டுக்காரர் தோட்டத்தில் தப்பால்காரர். தோட்டத்து ஆபீசில் பையை எடுத்துக்கொண்டு ஹட்டன் தபால் கந்தோருக்குப் போய், வந்து கிடக்கிற கடிதங்களை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். பக்கத்துத் தோட்டத்துத் தப்பால்காரர்கள் எல்லாம் நடந்துதான் போய் வந்தார்கள். எங்கள் பெரியதுரைக்கு மட்டும் சீமைக் கடிதம் காலைச் சாப்பாட்டு மேசைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் அன்றைக்கு ஆபீசில் கிளாக்கரிலிருந்து பங்களாச் சமையல்காரன் வரைக்கும் எல்லோருக்கும் ஏச்சு. அதனால் இவர் ஓடினார்.

மழையில் ஓடினார், மூடுபனியில் ஓடினார். அட்டை கடித்த காலில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு ஓடினார். மெழுகுத்துணிப் பை அடித்து அடித்து முதுகில் ஓர் இடத்தில் தோல் தடித்துப் போயிருந்தது. நான் எண்ணெய் தேய்த்துவிடும்போது என் கைக்கு அது தட்டுப்படும்.

கல்யாணமான புதிதில் இவரோடு திருவிழாவுக்கு நடந்து போவதே எனக்குப் பெரும்பாடு. பேசிக்கொண்டே வருவேன், பக்கத்தில் ஆள் இருக்க மாட்டார். அடுத்த வளைவில் போய்க் குந்திக்கொண்டு இருப்பார்.

"என்னா புள்ள, ஆமை மாதிரி வர்ற?"

"நான் என்னா தப்பால் பையா, முதுகுல போட்டுக்கிட்டு ஓடுறதுக்கு?"

அந்தச் சமயத்தில்தான் புதுச் சின்னத்துரை வந்து சேர்ந்தார். கொழும்பில் பெரிய கல்லூரியில் படித்து, ஓட்டத்தில் பேர் வாங்கிய சிங்கள வாலிபர். விடிந்தும் விடியாமலும் அரைக் காற்சட்டையோடு ரோட்டில் ஓடுவார். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து முதல் நாள் பார்த்த பெண்கள், தொரையைப் பங்களா நாய் துரத்துகிறதோ என்று பின்னால் எட்டிப் பார்த்தார்கள்.

தப்பால் பையோடு ஓடுகிற மனிதரைச் சின்னத்துரை பார்த்தார். கூட ஓடச் சொன்னார். கூட என்றால் சின்னத்துரை முன்னால், இவர் பின்னால். ஒரு நாளும் இவர் முந்தியதில்லை. சின்னத்துரைக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். பின்னால் பையோடு வருகிறவனுக்கு மூச்சு வாங்கவில்லையே என்பது கொஞ்ச நாளில் அவருக்கு உறைத்துவிட்டது. ஹட்டனில் நடந்த ஒரு போட்டியில் இவரை இறக்கிவிட்டுத் தான் ஓடாமல் கரையில் நின்று பார்த்தார். இவர் ஓடி முடித்துத் தண்ணீர் குடித்து வாய் துடைத்த பிறகுதான் இரண்டாவது ஆள் வந்து சேர்ந்தார்.

"நீ கொழும்பு வா. ஒலிம்பிக் டீம் எடுக்கப் போறாங்க. நானும் ஓடுறது. நீயும் ஓடு" என்றார் சின்னத்துரை, தனக்குத் தெரிந்த தோட்டத் தமிழில்.

இவர் உடனே தலையாட்டவில்லை. சுதந்திரம் வந்த கையோடு ஒரு சட்டம் போட்டு, இந்தியாவிலிருந்து வந்த கூட்டம் என்று எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமையைப் பறித்திருந்தார்கள். இங்கே பிறந்தவனும் தன் அப்பன் இங்கே பிறந்தான் என்று அத்தாட்சி காட்ட வேண்டும். லயத்துக் காம்பராவில் மருத்துவச்சி கையில் விழுந்த பிள்ளைகளுக்கு எந்த மகராசன் அத்தாட்சி எழுதி வைத்தான்? அடுத்து வந்த இன்னொரு சட்டப்படி இவரும் மனுப் போட்டார். இவர் சிறுவனாக இருந்தபோது தாய்மாமன் கல்யாணத்துக்காகத் தாயோடு இந்தியாவுக்குப் போன இடத்தில், தாய்க்குக் காய்ச்சல் கண்டு திரும்பிவர ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். அதைக் காரணம் காட்டித் தள்ளிவிட்டார்கள். ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்கு ஒரு நாடு போய்விட்டது.

"எங்களுக்குத்தான் பிரஜாவுரிமை இல்லீங்களே தொரை" என்று இவர் இழுத்திருக்கிறார்.

"நீ முதல்ல வா. மத்தது நான் பார்க்கிறது" என்றார் சின்னத்துரை.

அன்றைக்கு ராத்திரி அடுப்படியில் குந்திக்கொண்டு இவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஒலிம்பிக்கு எல்லாம் நமக்கு எதுக்கு புள்ள. ஆனா ஒன்னு. இந்த நாட்டுச் சட்டையப் போட்டுக்கிட்டு ஓடிட்டு வந்தவன, நீ இந்த நாட்டு ஆளு இல்லன்னு எவனாச்சும் சொல்ல முடியுமா? நமக்கு இல்லாட்டிப் போகுது, இதுக்காவது கெடைக்கும்ல." தூங்கிக்கொண்டிருந்த மகளைக் காட்டினார்.

அவர் ஓடப் போனது இதற்காக. மெடலுக்காக இல்லை.

கானில் இறங்குவது

அடிமைப் புத்தி என்றாரே அந்தக் கோட்டுக்காரர், அவருக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் தோட்டத்து ரோட்டில் துரை வந்தால், நடையாகவோ, குதிரையிலோ, காரிலோ எப்படி வந்தாலும், நாங்கள் ரோட்டை விட்டுக் கானில் இறங்க வேண்டும். கான் என்றால் மழைத்தண்ணீர் ஓடுகிற ஓடை. ஆண்கள் தலைப்பாகையைக் கழற்ற வேண்டும், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட வேண்டும். மழை கொட்டினாலும் குடையைச் சுருக்க வேண்டும். துரை கண்ணுக்கு மறைந்த பிறகுதான் மேலே ஏறலாம். இதை யாரும் எங்களுக்கு எழுதிப் போட்டுச் சொல்லவில்லை. நடக்கப் பழகும்போதே பழகியது.

என் சித்தப்பா ஒருவர் இருந்தார். எங்கள் லயத்தில் முதன்முதல் சைக்கிள் வாங்கிய மனிதர். பழைய சைக்கிள்தான். கைப்பிடியில் சிவப்புக் குஞ்சம் கட்டி, பொட்டு வைத்து, பார்க்க மாப்பிள்ளை மாதிரி வைத்திருந்தார். துரையைக் கண்டால் அதிலிருந்தும் குதித்து இறங்கத்தான் வேண்டும். ஒரு நாள் பங்களா இறக்கத்தில் வரும்போது பிரேக் அறுந்துவிட்டது. எதிரே பெரியதுரை நடந்து வருகிறார். சித்தப்பா காலைத் தரையில் தேய்க்கிறார், "தொரைங்களே, தொரைங்களே" என்று கத்துகிறார், சைக்கிள் நிற்கவில்லை. துரையைத் தாண்டிப் போய்த் தேயிலைச் செடிக்குள் விழுந்தார்.

முழங்கை எலும்பு வெளியே தெரிந்தது. அதற்கு மருந்து போடுவதற்கு முன்னால் வேலை நீக்கிய சீட்டு வந்துவிட்டது. மறுநாள் சித்தியும் பிள்ளைகளும் சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு போனார்கள். பிரேக் அறுந்தது என்பதை யாரும் விசாரிக்கவில்லை. அப்போது என் வீட்டுக்காரர் பக்கத்து லயத்துப் பிள்ளை. கட்டுப் போட்ட கையோடு சித்தப்பா போவதை அவரும் பார்த்துக்கொண்டு நின்றவர்தான்.

அப்படிப் பார்த்து வளர்ந்த கால், பின்னால் துரையின் மூச்சுச் சத்தம் கேட்டதும் புல்லில் இறங்கிவிட்டது. அந்தக் காலைப் பழக்கியவர்கள் யார்? அவர்களைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. காலைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

பேரைச் சொன்னேன்

மைதானத்துக்கு வருகிறேன்.

இவர் புல்லில் நிற்கிறார். நான் வேலிக்கு வெளியே. கூப்பிட வேண்டும். எப்படிக் கூப்பிடுவது? எங்கள் வழக்கத்தில் புருஷன் பெயரைப் பெண்சாதி வாயால் சொல்லக் கூடாது. வீட்டில் "இந்தாங்க" என்போம், இல்லாவிட்டால் "பாப்பா அப்பா" என்போம். கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் கேட்டாலும் பக்கத்தில் நிற்கிறவரைக் காட்டிச் சொல்லச் சொல்வோம்.

"இந்தாங்க! இந்தாங்க!" என்று கத்தினேன். அந்தக் கூட்டத்தில் இந்தாங்க யார் காதுக்குப் போகும்? பக்கத்தில் நின்ற கடலைக்காரர்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பாப்பா அப்பா!" என்று கத்தினேன். இடுப்பில் இருந்தவள் வீரிட்டு அழ ஆரம்பித்தாள்.

பிறகு எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. வேலிக் கம்பியில் ஒரு காலை வைத்து ஏறி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"வீரய்யா! ஓடு!"

நிமிர்ந்து பார்த்தார். பேயைக் கண்ட மாதிரி பார்த்தார். என்னையும், வேலியையும், எனக்குப் பின்னால் ஆகாயத்தையும் பார்த்தார். பிறகு கோட்டுக்குள் குதித்து ஓட ஆரம்பித்தார்.

"பேரைச் சொன்னதோட நின்னாலும் பரவால்ல, ஓடுடான்னு வேற சொன்னா" என்று அவர் சாகும்வரை சாதித்தார். நான் "டா" போடவில்லை. இதையும் இங்கே பதிவு செய்து வைக்கிறேன்.

அந்த ஓட்டத்தை நான் எப்படி எழுதுவது? சின்னத்துரை வாங்கிக் கொடுத்த கான்வஸ் சப்பாத்து விரலைக் கடிக்கிறது என்று ஆரம்பத்திலேயே கழற்றி என்னிடம் தந்திருந்தார். வெறுங்கால் அந்தச் சூட்டுத் தரையில் பட்டதா என்றே தெரியவில்லை. ஒருவரைத் தாண்டினார். அடுத்தவரைத் தாண்டினார். முதலில் சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. கடலைக்காரர் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "துவபங்! துவபங்!" என்று சிங்களத்தில் ஓடச் சொல்லிக் கத்தினார். எந்த ஊர் ஆள், என்ன பாஷை என்று அவர் கேட்கவில்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

கடைசி வளைவில் முன்னால் சின்னத்துரை மட்டும். சின்னத்துரையைத் தாண்டும்போது இவர் திரும்பிப் பார்க்கவில்லை. முடிகிற இடத்தில் கட்டியிருந்த நாடாவை நெஞ்சால் அறுத்துக்கொண்டு போய், நிறுத்தத் தெரியாமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓடினார்.

முதலாவது என் வீட்டுக்காரர். இரண்டாவது சின்னத்துரை. சிரிக்கிறவர்கள் இந்த வரியை இரண்டு தடவை வாசிக்க வேண்டும்.

கம கொஹெத?

ஒரு கூடாரத்துக்குள் மேசை போட்டு வெள்ளை உடுப்புக் கனவான்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னையும் உள்ளே விட்டார்கள். பிள்ளைக்கு ஒரு வாழைப்பழம்கூடத் தந்தார்கள். இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இவர் குலுக்கத் தெரியாமல் இரண்டு கையையும் கொடுத்தார்.

அவர்களில் ஒருவர் சிரித்த முகத்தோடு கேட்டார்: "கம கொஹெத?" உன் கிராமம் எது என்று அர்த்தம். சிங்களவர்கள் புதிதாக யாரைப் பார்த்தாலும் கேட்கிற முதல் கேள்வி.

இவர் தோட்டத்தின் பெயரைச் சொன்னார்.

"அது தோட்டம். கிராமம்?"

"அதாங்க ஊரு" என்றார் இவர்.

அந்த முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவர்கள் தங்களுக்குள் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார்கள். சின்னத்துரை இடையில் புகுந்து பேசினார். கையை ஆட்டி ஆட்டிக் கொஞ்ச நேரம் வாதாடினார், அதை நான் மறைக்கவில்லை. பிறகு அவர் கை ஆடுவது குறைந்தது. கடைசியில் எங்கள் பக்கம் திரும்பினார்.

"வீரய்யா, நீ இந்த நாட்டு ஆள் இல்லைன்னு சொல்றாங்க."

"நான் இங்கதாங்க பொறந்தேன். எங்கப்பாவும் இங்கதாங்க பொறந்தாரு. தொரைக்குத் தெரியுமே."

"எனக்குத் தெரியும். சட்டம் அப்படி. வெளிநாடு போக நாடு வேணும்."

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "இத ஓட விடுறதுக்கு முன்னாடி ஏங்க கேக்கல?" என்றேன்.

மேசைக்கு ஓரத்தில் இருந்த ஒரு வயதான கனவானுக்குத் தமிழ் தெரியும். கொழும்புத் தமிழ். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, கோபமில்லாமல், குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொன்னார்: "தோற்றிருந்தால் கேட்கவேண்டி வந்திருக்காது, அம்மா."

நான் எத்தனையோ துரைமாரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். பொலிஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறேன். எதுவும் இந்த ஒரு வாக்கியம் மாதிரி என்னைச் சுட்டதில்லை.

இரண்டாவதாக வந்தவருக்கு இடம் போனது. சின்னத்துரைக்கு. அவர் வேண்டாம் என்று சொல்வார் என்று நான் முட்டாள்தனமாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதர்தான். எங்கள் ரயில் செலவைக்கூடத் தானே போட்டவர். ஆனால் ஒதுங்கி அவருக்குப் பழக்கமில்லை.

வெளியே வந்த பிறகு, மரத்தடியில் வைத்துச் சின்னத்துரை இவருடைய தோளில் கை போட்டார். முதல் தடவையாக. "நீ இங்கே நில்லு வீரய்யா. நான் பயிற்சி எடுக்கணும். நீ எனக்கு முன்னால் ஓடினால் எனக்கு வேகம் வரும். தோட்டத்துச் சம்பளம் நான் வாங்கித் தர்றது" என்றார். உதவி செய்வதாகத்தான் நினைத்தார். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

இவர் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன்.

"தொரைங்களே, முன்னால ஓடிக் காட்டுறதுக்கு எங்க ஆளு வேணும். அங்க போய் ஓடுறதுக்கு மட்டும் எங்க ஆளு ஆகாதுங்களா? அவருக்குத் தப்பால் வேலை இருக்குங்க. நாங்க போறோம்."

சின்னத்துரை அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்துக்கு வரவில்லை. வேறு எங்கோ மாற்றிக்கொண்டு போய்விட்டார். கேட்டால் நம்ப மாட்டீர்கள், கடைசியில் பணம் போதாது என்று அவரையும் அனுப்பவில்லையாம். அந்த ஓட்டத்துக்கு இந்த நாட்டிலிருந்து ஆளே போகவில்லை. காலியாகக் கிடந்தாலும் கிடக்கட்டும், எங்கள் ஆளுக்கு மட்டும் இல்லை.

ரயிலில்

திரும்பும் வண்டியில் கூட்டம் இல்லை. மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பாதத்தில் கிளம்பியிருந்த கொப்புளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தேங்காயெண்ணெய்க் குப்பியை எடுத்துத் தடவிவிட்டேன். கீழ்நாட்டுப் புழுக்கம் போய், நாவலப்பிட்டி தாண்டியதும் குளிர் ஏறியது. இவர் காலை இழுத்துக்கொண்டார்.

"ஊர்ல கேப்பாங்க" என்றார்.

"கேக்கட்டும். நடந்தத சொல்லுவோம். லயம் லயமாப் போய்ச் சொல்றேன். ஜெயிச்சாரு, நாடு இல்லன்னு தள்ளிட்டாங்கன்னு சொல்றேன்."

"வேணாம் புள்ள. தொரைக்கு ஒதுங்குனேன், அதுல தோத்துட்டேன்னு சொல்லிருவோம்."

எனக்கு வந்த கோபத்தில் குப்பி கை தவறி எண்ணெய் கொட்டிவிட்டது. "என்னா பைத்தியம் புடிச்சிருக்கா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்." கவிழ்ந்த குப்பியை எடுத்து நிமிர்த்தினார். "ஜெயிச்சாலும் சேத்துக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சா, நம்ம புள்ளைக எதுக்கு ஓடும்? எதுக்குப் படிக்கும்? ஒரு மடையன் ஒதுங்கித் தோத்தான்னு நெனைச்சாத்தான், அடுத்தவன் நான் ஒதுங்க மாட்டேன்னு ஓடுவான். நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது. புள்ள தலையில அடி."

தூங்குகிற பிள்ளையின் தலையில் என் கையைப் பிடித்து வைத்தார். நான் சத்தியம் செய்தேன். அவர் போய்ச் சில வருடங்களாகிவிட்டன. அவர் போன பிறகும் காப்பாற்றினேன். அந்த மகளுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. போன வாரம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எழுதும்மா, எனக்கு ஒன்னும் ஆகாது" என்றாள். எழுதிவிட்டேன்.

ஹட்டன் ஸ்டேஷனில் தோட்டத்து ஆட்கள் தப்பு மேளமும் மாலையுமாக நின்றார்கள். வண்டி நிற்பதற்குள் தப்படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இவர் கொப்புளக் காலோடு மெதுவாக இறங்கி, கையைத் தூக்கி அதை நிறுத்தச் சொன்னார்.

"பின்னால தொரை வந்தாருப்பா. கால் தானா ஒதுங்கிருச்சு. தோத்துட்டேன்" என்றார்.

கொண்டுவந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் மாற்றி ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொருவர் சிரித்தார். அப்புறம் ஸ்டேஷனே சிரித்தது.

அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரிப்பில் வந்த தண்ணீர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.